இசைத்தட்டில் புரூக்னர்: பாணிகளும் அளவுகோல்களும்

ஐரோப்பிய இசையில் சிம்பொனி என்பது பல்வகைக் கருவிகள் கூடிய பெருங்குழுவுக்காக, பெரும்பாலும் நான்கு பகுதிகளில் எழுதப்படும் நீண்ட படைப்பாகும். ஹைடன் காலத்தில் அரைமணி நேரத்துக்குள் அடங்கிவிட்ட இவ்வடிவம், பீத்தோவனின் ஒன்பதாம் சிம்பொனியில் ஒரு மணி நேரத்தைத் தாண்டி, ரொமாண்டிக் காலம் எனப்படும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஆன்டன் புரூக்னர், குஸ்தாவ் மாலர் ஆகியோரின் கைகளில் எண்பது, தொண்ணூறு நிமிடம் வரை விரிந்தது. இவர்களுள் புரூக்னரின் நிலை தனித்தது. 1824இல் மேல் ஆஸ்திரியாவின் ஆன்ஸ்ஃபெல்டன் என்னும் சிற்றூரில் பிறந்து, 1868 முதல் வியன்னாவில் வாழ்ந்து 1896இல் மறைந்த அவர், தம் ஐந்தாம் சிம்பொனியை இசைக்குழு வாசிக்க ஒருமுறைகூடக் கேட்டதில்லை. ஆறாம் சிம்பொனியில் நடுவிலுள்ள இரண்டு பகுதிகள் மட்டுமே அவர் வாழ்நாளில் அரங்கேறின. ஒன்பதாம் சிம்பொனியோ அவர் மறைந்து ஆறு ஆண்டுகளுக்குப் பிறகே, அதுவும் வேறொருவர் திருத்திய வடிவில், ஒலித்தது. ஆசிரியரே கேட்டு ஒப்புதல் அளித்த வாசிப்பு மரபு என்று சுட்டத்தக்கது மிகக் குறைவாக உள்ள நிலையில், இப்படைப்புகள் எப்படி ஒலிக்க வேண்டும் என்னும் பொதுக்கருத்து இருபதாம் நூற்றாண்டில்தான் உருவாயிற்று. அதன் பெரும்பகுதி இசைத்தட்டுகளிலும் காந்தநாடாக்களிலுமே உருவாயிற்று. ஆகவே புரூக்னரின் ஒலிப்பதிவுகளை ஆராய்வது அவரது வாசிப்பு மரபையே ஆராய்வதாகும்.

இம்மரபில் எழுந்த பாணி வேறுபாடுகளை விளங்கிக்கொள்ள அவரது இசையின் கட்டமைப்பை முதலில் அறிதல் வேண்டும். புரூக்னர் அடிப்படையில் தேவாலய ஆர்கன் கலைஞர். புனித ஃபுளோரியான் மடாலயத்திலும் லின்ஸ் நகரப் பேராலயத்திலும் பணியாற்றியவர். ஆர்கனில் ஒரு குழல்தொகுதியை மூடி மற்றொன்றைத் திறக்கும்போது ஒலியின் நிறம் ஒரே கணத்தில் மாறுவதுபோல, அவரது சிம்பொனிகளிலும் தந்திக்கருவிகளின் கூட்டொலி முடிந்ததும் மரக் காற்றுக்கருவிகள் தனித்து எழுகின்றன. அவை ஓய்ந்ததும் ஹார்ன், டிரம்பெட், டிராம்போன், டியூபா ஆகிய பித்தளைக் கருவிகள் முழங்குகின்றன. ஒவ்வொரு தொகுதிக்கும் இடையே அவர் பல இடங்களில் முழுக் குழுவுக்கும் மௌனத்தை எழுதி வைத்துள்ளார். முதல் பகுதி பெரும்பாலும் வயலின்களின் மெல்லிய நடுக்கத்தில் தொடங்கும். இரண்டு கருப்பொருள்கள் என்னும் பழைய வழக்கத்துக்கு மாறாக மூன்று கருப்பொருள் தொகுதிகள் வரும். சிறு அலகொன்று திரும்பத் திரும்ப ஒலித்து, அலை அலையாக வளர்ந்து, ஓர் உச்சத்தை எட்டி, சில வேளை எட்டும் முன்பே அறுந்து, மீண்டும் அடியிலிருந்து தொடங்கும். இந்த அமைப்பில் நடத்துநர் முன் எப்போதும் இரண்டு கடமைகள் நிற்கின்றன: ஒவ்வொரு தொகுதியையும் அதன் முழு நிறத்தோடு நிறுத்திக் காட்டுவது ஒன்று, தொகுதிகளை இணைத்து ஒரு மணி நேரத்துக்கு மேற்பட்ட ஒரே பயணமாக ஆக்குவது மற்றொன்று. இவ்விரண்டில் எதற்கு முதன்மை என்பதில்தான் பாணிகள் பிரிகின்றன.

பாணிகளைப் பற்றிப் பேசுமுன் பாடபேதம் பற்றிச் சொல்லியாக வேண்டும். புரூக்னர் தம் படைப்புகளைத் திரும்பத் திரும்பத் திருத்தியவர். மூன்றாம் சிம்பொனிக்கு 1873, 1877, 1889 என மூன்று வடிவங்கள் உள்ளன. 1877 டிசம்பரில் வியன்னாவில் அவரே அதை நடத்தியபோது அவையோர் பெரும்பாலோர் இடையிலேயே வெளியேறினர். எஞ்சியிருந்த சிலருள் இளைஞரான மாலரும் ஒருவர். எட்டாம் சிம்பொனியை 1887இல் முடித்து, தாம் பெரிதும் மதித்த ஹெர்மான் லெவி என்னும் நடத்துநருக்கு அனுப்பி, அவர் அதை ஏற்க இயலாதென்று கூறியதால் மனமுடைந்த புரூக்னர், 1890இல் அதை வேறொரு வடிவில் எழுதி முடித்தார். இவையெல்லாம் ஆசிரியரின் கைப்பட்ட மாற்றங்கள். ஃபிரான்ஸ் ஷால்க், ஃபெர்டினாண்ட் லோவே முதலிய மாணவர்களும் தம் பங்குக்குச் செய்த மாற்றங்கள் வேறு. 1894இல் கிராஸ் நகரில் ஐந்தாம் சிம்பொனியை அரங்கேற்றிய ஷால்க், கருவி அமைப்பை இசைநாடக ஆசிரியர் வாக்னரின் பாணிக்கு மாற்றி, இறுதிப் பகுதியில் நூற்றுக்கும் மேற்பட்ட தாளக் கட்டங்களை நீக்கி, முடிவில் கூடுதலாகப் பித்தளைக் கருவிகளையும் சிம்பல்களையும் சேர்த்தார். ஒன்பதாம் சிம்பொனியை லோவே 1903இல் தம் திருத்தங்களோடு வாசித்து, அவ்வடிவையே அச்சிட்டார். முதற்பதிப்புகள் என வழங்கும் இவையே ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் உலகுக்குக் கிடைத்த புரூக்னர்.

1932 ஏப்ரல் 2ஆம் நாள் மியூனிக்கில் நடத்துநர் சீக்மண்ட் ஃபான் ஹவுஸெகர் ஒரே நிகழ்ச்சியில் ஒன்பதாம் சிம்பொனியின் லோவே வடிவையும் கையெழுத்துப்படியின் வடிவையும் அடுத்தடுத்து வாசித்தபோது, மூலம் எவ்வளவு துணிவும் கடுமையும் உடையதென்பது கேட்டோர்க்குப் புலனாயிற்று. இதன் பின்னர் ராபர்ட் ஹாஸ் என்னும் அறிஞர் மூலப் பதிப்புகளை ஒவ்வொன்றாக வெளியிட்டார். 1945க்குப் பிறகு அப்பணியை லியோபோல்ட் நோவாக் மேற்கொண்டு புதிய பதிப்புகளைக் கொண்டுவந்தார். எட்டாம் சிம்பொனியில் ஹாஸ், 1890 வடிவத்தை அடிப்படையாகக் கொண்டு, அதில் நீக்கப்பட்டிருந்த சில பகுதிகளை 1887 வடிவத்திலிருந்து எடுத்துச் சேர்த்தார். இது பதிப்பு நெறிக்கு ஒவ்வாதென்று நோவாக் அவற்றை விலக்கினார். நெறியளவில் நோவாக் கூறியதே சரி. ஆயினும் கராயான், வாண்ட், ஹைட்டிங்க் போன்ற பெரும் நடத்துநர்கள் ஹாஸின் பதிப்பையே விரும்பினர் என்பதையும், ஹாஸ் சேர்த்த பகுதிகள் இறுதிப் பகுதிக்கு மூச்சுவிடும் இடம் தருகின்றன என்பதையும் கேட்போர் மறுக்க முடியாது. ஏழாம் சிம்பொனியின் மெதுநடைப் பகுதியில் உச்சத்தின் மீது விழும் ஒற்றைச் சிம்பல் அறை ஆசிரியர் விரும்பியதா என்னும் வாதமும் இத்தகையதே: அது எழுதப்பட்ட துண்டுத்தாள் இசைப்படியில் ஒட்டப்பட்டுள்ளது; அதன்மேல் அது செல்லாது என்று பொருள்படும் குறிப்பொன்றும் உள்ளது; ஹாஸ் அவ்வறையை விட்டார், நோவாக் சேர்த்தார். ஒரு பதிவின் தரத்தை முடிவு செய்ய இந்த ஒரே ஒலி போதாது. பாடபேதம் கேட்பவர்க்கு உண்மையிலேயே இன்றியமையாததாவது மூன்றாம், நான்காம், எட்டாம் சிம்பொனிகளில்தான். அங்கே வடிவம் மாறினால் படைப்பே மாறுகிறது. எட்டாம் சிம்பொனியின் முதல் பகுதி 1887 வடிவில் பேரொலியோடு முடிகிறது; 1890 வடிவில் அடங்கி அவிந்துபோகிறது.

ஒலிப்பதிவின் தொடக்கக் காலம் இவ்விசைக்கு உகந்ததாக இல்லை. நிமிடத்துக்கு 78 சுற்றுகள் சுழலும் தட்டின் ஒரு பக்கத்தில் நான்கு முதல் நான்கரை நிமிடமே அடங்கும். ஒரு மணி நேரச் சிம்பொனிக்குப் பதினான்கு பக்கங்களாவது வேண்டும். நீண்டு வளரும் ஓர் அலை நடுவில் அறுபட்டு, தட்டைத் திருப்பிய பின் தொடரும். இருந்தும் ஆஸ்கர் ஃப்ரீட் 1924இல், ஒலிவாங்கி வழக்கத்துக்கு வருமுன், கூம்பு வழியே ஒலியைப் பிடிக்கும் முறையிலேயே ஏழாம் சிம்பொனி முழுவதையும் பதிவு செய்தார். 1928இல் யாஷா ஹோரன்ஸ்டைன் பெர்லின் ஃபில்ஹார்மோனிக்கோடு அதே சிம்பொனியை மின்முறையில் பதித்தார். 1930களில் கார்ல் பேம் டிரெஸ்டனில் நான்காம், ஐந்தாம் சிம்பொனிகளையும், ஹவுஸெகர் 1938இல் மியூனிக்கில் ஒன்பதாம் சிம்பொனியையும் பதித்தனர். இவை மூலப் பதிப்புகளின் வெற்றியை உலகுக்கு அறிவித்த சான்றுகள். ஹவுஸெகரின் பதிவு இன்றும் கேட்கத்தக்கது. அதில் உணர்ச்சிப் பெருக்கு குறைவு, நேர்மை மிகுதி.

தடையை உடைத்தது காந்தநாடா. ஜெர்மனியில் 1930களில் உருவாகி 1940களின் தொடக்கத்தில் செம்மை பெற்ற இக்கருவி, ஒரு பகுதியை இடையறாது பதிய வழிசெய்தது. ஜெர்மன் வானொலி அதைக் கொண்டு 1944ஆம் ஆண்டில், நகரங்கள் குண்டுவீச்சில் சிதைந்துகொண்டிருந்த வேளையில், மூன்று அரிய பதிவுகளைச் செய்தது: வில்ஹெல்ம் ஃபுர்ட்வெங்லர் அக்டோபரில் பெர்லின் ஃபில்ஹார்மோனிக்கோடு வாசித்த ஒன்பதாம் சிம்பொனி, அதே மாதத்தில் வியன்னா ஃபில்ஹார்மோனிக்கோடு வாசித்த எட்டாம் சிம்பொனி, இளைஞரான ஹெர்பர்ட் ஃபான் கராயான் பெர்லின் அரசு இசைக்குழுவோடு வாசித்த எட்டாம் சிம்பொனி. கராயானின் பதிவில் முதல் பகுதி இன்று இல்லை; இறுதிப் பகுதியோ இரு தடங்களில் பதிவான ஸ்டீரியோ ஒலியில் கிடைக்கிறது என்பது, ஸ்டீரியோ தட்டுகள் கடைக்கு வந்த 1958ஐ எண்ணினால் வியப்பானது. ஃபுர்ட்வெங்லரின் போர்க்கால நாடாக்கள் பல சோவியத் ஒன்றியத்துக்குக் கொண்டு செல்லப்பட்டு, 1987இல்தான் அவற்றின் படிகள் பெர்லினுக்குத் திரும்பின.

ஃபுர்ட்வெங்லரின் பாணியைப் பெருக்குநிலைப் பாணி எனலாம். அவரிடம் காலப்பிரமாணம், அதாவது இசை நடக்கும் வேகம், நிலையானதன்று. உச்சம் நெருங்கும்போது வேகம் கூடும், உச்சத்தில் விரியும், அது தணிந்தபின் வேறொரு நடையில் அடுத்த தொகுதி தொடங்கும். இசைப்படியில் இவ்வேக மாற்றங்களுக்குக் குறிப்பு பெரும்பாலும் இல்லை. முதற்பதிப்புகளில் இத்தகைய குறிப்புகள் சில இருந்தன; மூலப் பதிப்புகள் அவற்றை நீக்கிய பின்னும் அவற்றோடு வளர்ந்த தலைமுறை அம்மரபைக் கைவிடவில்லை. 1944ஆம் ஆண்டு ஒன்பதாம் சிம்பொனியின் முதல் பகுதியில் இப்பாணியின் முழு வலிமையும் தெரிகிறது: அங்கே கேட்பவரின் கவனம் தொகுதிகளின் எல்லைகளில் நிற்பதே இல்லை, அடித்துச் செல்லப்படுகிறது. ஆயினும் முன்வரும் உச்சங்கள் எல்லை கடந்து பொங்கிவிடுவதால் கடைசி உச்சத்துக்கு மிச்சம் குறைந்துபோவது இப்பாணியின் உள்ளார்ந்த இடர்.

இவ்வழியை ஒழுங்கு செய்து புரூக்னருக்கென்றே தம் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கொடுத்தவர் ஆய்கன் யோகும். ஆர்கன் பயிற்சியும் கத்தோலிக்கச் சூழலும் அவருக்கு வாய்த்திருந்தன. பெர்லின் ஃபில்ஹார்மோனிக், பவேரிய வானொலிக் குழு ஆகியவற்றோடு 1958 முதல் 1967 வரையிலும், டிரெஸ்டன் குழுவோடு 1975 முதல் 1980 வரையிலும் ஒன்பது சிம்பொனிகளையும் இருமுறை முழுத் தொகுதியாகப் பதித்தார். அவரும் வேகத்தை நெகிழ்த்துபவரே. ஆனால் ஒரு பகுதியில் உண்மையான உச்சம் ஒன்றே என்றும் மற்றவை அதை நோக்கிய படிகள் என்றும் கொண்டு, நெகிழ்ச்சியை அந்த ஒன்றுக்கு அடிமைப்படுத்தினார். 1964இல் ஓட்டோபாய்ரன் மடாலயத்தில் ஆம்ஸ்டர்டாமின் கான்செர்ட்கெபாவ் குழுவோடு அவர் பதித்த ஐந்தாம் சிம்பொனி இம்மரபின் தலைசிறந்த பதிவுகளுள் ஒன்று. அதன் இறுதிப் பகுதியில் தனித்தனியே அறிமுகமாகும் இரண்டு கருப்பொருள்கள், ஒரு குரலை மற்றொரு குரல் துரத்தும் ஃபியூக் முறையில் பின்னிப் பிணைந்து, கடைசியில் பித்தளைக் கருவிகள் ஏந்தும் கோரல் என்னும் தேவாலயப் பாட்டமைப்பில் முடிகின்றன. யோகும் அங்கே வந்து சேரும்போது எழுபது நிமிடங்களுக்கு மேலாகச் சேர்த்து வைத்த கடன் முழுவதும் ஒரே தவணையில் தீர்க்கப்படுகிறது.

ஹான்ஸ் க்னாப்பர்ட்ஸ்புஷ் தனிவழி நின்றவர். மூலப் பதிப்புகள் ஏற்கப்பட்ட பின்னும் அவர் மாணவர்களின் முதற்பதிப்புகளையே வாசித்தார்; 1956இல் வியன்னா ஃபில்ஹார்மோனிக்கோடு அவர் பதித்த ஐந்தாம் சிம்பொனி ஷால்கின் வடிவமே. பாடம் பழுதுடையது, ஆயினும் அப்பாடத்தோடு வளர்ந்த ஒரு தலைமுறை இவ்விசையைக் கேட்ட விதத்தை அறிய வேறு நல்ல சான்று இல்லை.

நெகிழ்வுக்கு எதிர்நிலையில் நின்ற பாணி ஆம்ஸ்டர்டாமில் தொடங்குகிறது. எடுவார்ட் ஃபான் பெய்னும் 1950களில் கான்செர்ட்கெபாவ் குழுவோடு பதித்த ஏழாம், எட்டாம், ஒன்பதாம் சிம்பொனிகளில் நடை விரைவானது, சீரானது. எழுதியதை எழுதியபடி வாசித்தால் கட்டமைப்பு தானே விளங்கும் என்னும் நம்பிக்கை அவற்றில் உள்ளது. அவருக்குப் பின் பெர்னார்ட் ஹைட்டிங்க் 1963 முதல் 1972 வரை அதே குழுவோடு முழுத் தொகுதியொன்றைப் பதித்தார். அமெரிக்காவில் கிளீவ்லாந்து குழுவைக் கொண்டு ஜார்ஜ் ஸெல் மூன்றாம், எட்டாம் சிம்பொனிகளில் காட்டிய தெளிவும் இவ்வழியைச் சார்ந்ததே. ஆனால் இதை முழுமைக்குக் கொண்டுசென்றவர் குண்டர் வாண்ட். அறுபது வயதைத் தாண்டிய பின்னரே, 1974இல் தொடங்கி 1981இல் முடிந்த கொலோன் வானொலிக் குழுவின் தொகுதியால் அவர் பரவலாக அறியப்பட்டார். 1996 முதல் 2001 வரை பெர்லின் ஃபில்ஹார்மோனிக்கோடு மேடையிலேயே பதிந்த ஐந்து சிம்பொனிகள் அவரது முதிர்ச்சியைக் காட்டுவன. வாண்டின் நெறி வேகங்களுக்கிடையேயான விகிதம். ஒரு கருப்பொருளின் வேகம் அடுத்ததன் வேகத்தோடு எளிய கணக்கில் பொருந்தியிருப்பதால், தொகுதி மாறினாலும் அடியோடும் துடிப்பு மாறுவதில்லை; மௌனம் வரும்போதும் அத்துடிப்பு கேட்பவருக்குள் தொடர்கிறது. உணர்ச்சி குறைவென்று இப்பாணியைக் குறைகூறுவோர் உண்டு. வாண்டின் பெர்லின் ஐந்தாம் சிம்பொனியைத் தொடக்கம் முதல் இறுதிவரை இடையறாது கேட்டவர் அக்குறையைக் கூறுவது அரிது.

கராயானை இவ்விரு பாணிகளிலும் அடைக்க இயலாது. ஒலியின் தொடர்ச்சியே அவரது இலக்கு: ஒரு தொகுதியின் கடைசி ஒலி அடுத்ததன் முதல் ஒலிக்குள் கரைய வேண்டும், தந்திக்கருவிகளின் அடித்தளம் எங்கும் மெலியக்கூடாது. 1975 முதல் 1981 வரை பெர்லினில் பதிந்த தொகுதியில் குழுவின் ஆற்றல் வியக்கத்தக்கது. ஆனால் பதிவின் பித்தளை ஒலி பல இடங்களில் கூர்மை மிகுந்து காதைத் தாக்குகிறது. 1988இல் வியன்னா ஃபில்ஹார்மோனிக்கோடு அவர் பதித்த எட்டாம் சிம்பொனியில் அக்கூர்மை நீங்கி, கனிவு வந்துவிட்டது. மறுவருடம் அதே குழுவோடு பதிந்த ஏழாம் சிம்பொனி அவரது கடைசி ஒலிப்பதிவாயிற்று. வியன்னா குழுவின் ஹார்னும் ஓபோவும் பிற நகரக் குழுக்களின் கருவிகளிலிருந்து அமைப்பிலேயே வேறுபட்டவை. குழல் நீண்ட, ஒலி இருண்ட அந்த ஹார்ன்கள் நான்கோ எட்டோ சேர்ந்து ஒலிக்கும் இடங்களில், நடத்துநர் எவராயினும், புரூக்னரின் காதில் இருந்த நிறத்துக்கு மிக அருகில் கேட்பவர் செல்கிறார். பேம் 1973இல் பதித்த நான்காம் சிம்பொனியும், பம்பாயில் பிறந்து வியன்னாவில் பயின்ற சுபின் மேத்தா 1965இல் பதித்த ஒன்பதாம் சிம்பொனியும், கார்லோ மரியா ஜூலினியின் எட்டாம், ஒன்பதாம் சிம்பொனிகளும் இதற்குச் சான்று.

ஒலிப்பதிவையே மறுத்தவரின் பாணி கடைசியில் ஒலிப்பதிவாலேயே நிலைத்தது. ருமேனியாவில் பிறந்து, போருக்குப் பின் பெர்லின் ஃபில்ஹார்மோனிக்கை நடத்தி, 1979 முதல் மியூனிக் ஃபில்ஹார்மோனிக்கின் தலைவராக விளங்கிய செர்ஜு செலிபிடாக்கே, இசை என்பது அரங்கில் அக்கணத்தில் நிகழ்வது, அரங்கின் முழக்கத்தில் ஒலிகளெல்லாம் கலந்து கேட்கும் அளவுக்கு வேகம் குறைய வேண்டும், வீட்டில் ஒலிபெருக்கி வழியே அது திரும்ப நிகழாது என்று கொண்டிருந்தார். 1996இல் அவர் மறைந்த பின் குடும்பத்தாரின் இசைவோடு மியூனிக் நிகழ்ச்சிப் பதிவுகள் வெளிவந்தன. 1993ஆம் ஆண்டு எட்டாம் சிம்பொனி 100 நிமிடங்களைத் தாண்டுகிறது. அதே படைப்பைக் கார்ல் ஷூரிக்ட் 1963இல் வியன்னா ஃபில்ஹார்மோனிக்கோடு ஏறத்தாழ 71 நிமிடங்களில் முடித்தார். ஒரே படைப்புக்கு அரைமணி நேர வேறுபாடு என்பது வேறெந்த இசையாசிரியரிடமும் எளிதில் காணக்கூடியதன்று. இரண்டும் தரமானவை என்பதே உண்மை. ஷூரிக்ட் விரைந்தாலும் ஒரு சொற்றொடரைக்கூட நசுக்குவதில்லை. செலிபிடாக்கே மெதுவாகச் சென்றாலும் அவரது குழு ஒவ்வொரு உட்குரலையும் உயிரோடு வைத்திருப்பதால் இசை நின்றுபோவதில்லை. செலிபிடாக்கேயின் வேகத்தை மட்டும் பின்பற்றி, அக்குழுவோடு அவர் செய்த இடைவிடாத ஒத்திகையைப் பின்பற்றாத பின்னாளைய பதிவுகள் வெறும் நீட்சியாக முடிந்தன.

இதிலிருந்து முதல் அளவுகோல் பெறப்படுகிறது: மொத்த நேரம் ஒரு பதிவின் தரத்தைச் சொல்லாது, உள்விகிதமே சொல்லும். இதைச் சோதிக்க எட்டாம் சிம்பொனியின் மூன்றாம் பகுதியான அடாஜியோ ஏற்றது. ஏறத்தாழ இருபத்தைந்து நிமிடம் நீளும் அப்பகுதியில் உச்சத்தை நோக்கிய ஏற்றங்கள் பல உண்டு. 1890 வடிவில் சிம்பல்கள் இரண்டே முறை, கடைசி உச்சத்தில்தான் ஒலிக்கின்றன. முன்வந்த ஏற்றமொன்றிலேயே குழு தன் முழு ஒலியையும் கொடுத்துவிட்டதாகக் கேட்பவர் உணர்ந்தால், அந்தப் பதிவு எவ்வளவு அழகாக ஒலித்தாலும் அதன் திட்டம் தவறிவிட்டது. உச்சத்துக்குப் பின் வரும் சில நிமிடங்களில் முதல் வயலின்களும் ஹார்ன்களும் பேசிக்கொள்ளும் அடங்கிய முடிவுப் பகுதி, முன்னதன் தளர்ச்சியாகத் தோன்றாமல் அதன் விளைவாகத் தோன்றுகிறதா என்பதையும் அங்கேயே கேட்டறியலாம். ஜூலினி இதில் பெரும் வெற்றி பெற்றவர்.

இரண்டாவது, மௌனம். இரண்டாம் சிம்பொனிக்கு அதன் இடைவெளிகளாலேயே மௌனங்களின் சிம்பொனி என்னும் பெயர் வியன்னாவில் வழங்கிற்று. மௌனத்தைத் தாளத்துக்குள் நிறுத்தும் நடத்துநரும் உண்டு. அரங்கின் எதிர்முழக்கம் முற்றும் ஓயும்வரை காத்திருப்பவரும் உண்டு. ஓயுமுன் அடுத்த தொகுதியைத் தொடங்கினால் ஒலிகள் கலங்கும்; மிகக் காத்தால் கட்டுக்கோப்பு தளரும். எனவே இங்கே நடத்துநரின் முடிவும் பதிவிடத்தின் இயல்பும் பிரிக்க முடியாதவை. வெட்டி ஒட்டிய நிலையப் பதிவுகள் சிலவற்றில் மௌனத்தின்போது அரங்கின் காற்றோசைகூட அறுந்துபோவதைக் கேட்கலாம். அத்தகைய பதிவு எத்தனை பிழையற்ற வாசிப்பைத் தந்தாலும் புரூக்னருக்குப் பொருந்தாது. ஜப்பானிய நடத்துநர் தகாஷி அசாஹினா 1975இல் ஒசாகா ஃபில்ஹார்மோனிக்கோடு புனித ஃபுளோரியான் மடாலயத்தில் வாசித்த ஏழாம் சிம்பொனியில், இரண்டாம் பகுதி முடிந்தபின் மடாலயத்தின் மணியோசை பதிவாகியுள்ளது. குழு ஐரோப்பியப் பெருங்குழுக்களுக்கு இணையானதென்று சொல்ல முடியாது. நெடிய முழக்கமுள்ள அந்த இடத்தை அறிந்து வேகத்தையும் இடைவெளியையும் அமைத்த முறையில் அது பல புகழ்பெற்ற பதிவுகளை விஞ்சுகிறது. ஜப்பானில் புரூக்னருக்கு உருவான ஆழ்ந்த கேள்விமரபுக்கு அசாஹினாவே முதற்காரணர்.

மூன்றாவது, ஒலிச்சமன். எட்டாம் சிம்பொனியில் எட்டு ஹார்ன் கலைஞர்கள் உள்ளனர்; அவர்களுள் நால்வர் சில இடங்களில் வாக்னர் டியூபா என்னும் கருவிக்கு மாறுவர். வாக்னர் தம் இசைநாடகங்களுக்காக உருவாக்கச் செய்த இக்கருவி ஹார்னுக்கும் டிராம்போனுக்கும் இடைப்பட்ட மங்கிய, கனத்த ஒலி உடையது. இவர்களோடு மூன்று டிரம்பெட், மூன்று டிராம்போன், ஒரு பெரிய டியூபா சேர்ந்து முழங்கும்போது வயலின்களின் ஓயாத அலைவு கேட்காமல் போவது எளிது. அது கேட்காவிட்டால் உச்சம் அசையாத சுவராகிவிடும். ஒலிவாங்கிகளை ஒவ்வொரு கருவிக்கும் அருகில் வைத்து, பின்னர் கலந்து சமன் செய்வது ஒரு முறை. குழுவுக்கு முன்னால் மேலே சில ஒலிவாங்கிகளை மட்டும் நிறுத்தி, அரங்கு தரும் சமனை ஏற்பது மற்றொரு முறை. முதல் முறையில் தனிக் கருவிகள் தெளிவாகக் கேட்கும், இடத்தின் ஆழம் குறையும். புரூக்னருக்கு இரண்டாம் முறையே உகந்தது என்பதற்கு கான்செர்ட்கெபாவ் அரங்கில் ஆனவையும், வியன்னாவின் சோஃபியன்சால் கூடத்தில் ஆனவையும் போதிய சான்று. அந்தக் கூடம் 2001இல் தீயில் அழிந்தது.

வீட்டில் கேட்பவரின் பக்கத்திலும் ஒரு கடமை உண்டு. தொடக்க நடுக்கம் கேட்கும் அளவுக்கு ஒலியைக் கூட்டி வைத்து, உச்சம் வரும்போது அயலாரை எண்ணிக் குறைத்தால், நடத்துநர் ஒரு மணி நேரமாகக் கட்டிய விகிதம் ஒரு விரல் அசைவில் சிதைந்துவிடும். உச்சம் தாங்கக்கூடிய அளவை முதலில் முடிவு செய்து, மெல்லிய இடங்களுக்குச் செவி பழகக் காத்திருப்பதே முறை. குறுந்தட்டு வந்தபின் பக்கம் திருப்பும் இடையூறு பெரும்பாலும் நீங்கியது. ஆனால் விரும்பிய உச்சத்துக்கு நேரே தாவும் வசதியும் அதோடு வந்தது. ஏற்றங்களை விட்டுவிட்டு உச்சங்களை மட்டும் கேட்பவருக்குப் புரூக்னர் உரத்த ஒலியாக மட்டுமே எஞ்சுவார்.

அண்மைத் தலைமுறையின் பணி பெரும்பாலும் முதல் வடிவங்களின் பக்கம் சென்றுள்ளது. எலியாஹூ இன்பால் ஃபிராங்க்ஃபர்ட் வானொலிக் குழுவோடு 1980களில் மூன்றாம், நான்காம், எட்டாம் சிம்பொனிகளின் முதல் வடிவங்களைப் பதித்து, அதுவரை அரிதாகவே ஒலித்தவற்றைப் பரவலாகச் செவிக்குக் கொண்டுவந்தார். வியன்னாவில் பிறந்து நாஜிகளால் நாடிழந்த கேயோர்க் டின்ட்னர், தம் எண்பது வயதை ஒட்டிய ஆண்டுகளில் நாக்சோஸ் நிறுவனத்துக்காகப் பதித்த தொகுதி, குறைந்த விலையில் உயர்ந்த தரம் கிடைக்கும் என்பதை நிறுவியது. அதிலுள்ள மூன்றாம் சிம்பொனியின் 1873 வடிவம் மெதுவானது, துணிவானது. அதே வடிவத்தை ரோஜர் நாரிங்டன் பழங்காலக் கருவிகளில் மிக விரைவாக வாசித்ததோடு இதை ஒப்பிட்டுக் கேட்பது பயன் தரும். ஒன்பதாம் சிம்பொனியின் முடிவுறாத நான்காம் பகுதியை, எஞ்சிய தாள்களிலிருந்து அறிஞர் நால்வர் நிறைவு செய்த வடிவில் சைமன் ராட்டில் 2012இல் பெர்லினில் பதித்தார். நிக்கோலவுஸ் ஹார்னன்கோர்ட் அதற்குப் பத்தாண்டு முன்னரே வியன்னா ஃபில்ஹார்மோனிக்கோடு, நிறைவு செய்ய முயலாமல், கிடைத்த துண்டுகளை விளக்கவுரையோடு வாசித்துக் காட்டினார். ஹார்னன்கோர்டின் வழியே நேர்மையானது. துண்டுகளின் வலிமையை அவை துண்டுகளாக நிற்கும்போதே நன்கு உணரலாம்.

புதிதாகத் தொடங்குபவர்க்கு ஏழாம் சிம்பொனியும் ஹைட்டிங்க் அல்லது வாண்டின் பதிவும் ஏற்றவை. அவற்றில் கட்டமைப்பு மறைவதில்லை. அதன்பின் ஐந்தாம் சிம்பொனியை வாண்டிடமும் யோகுமிடமும் அடுத்தடுத்த வாரங்களில் கேட்டால், சீர்நடைக்கும் நெகிழ்நடைக்கும் உள்ள வேறுபாடு எந்த விளக்கமும் இன்றித் தெளிவாகும். எட்டாம் சிம்பொனிக்கு ஹாஸ், நோவாக் இருவர் பதிப்பிலும் ஒவ்வொன்றும், 1887 வடிவத்துக்கு இன்பாலின் பதிவும் என மூன்று வேண்டும். ஃபுர்ட்வெங்லரின் 1944ஆம் ஆண்டுப் பதிவுகளையும் செலிபிடாக்கேயின் எட்டாம் சிம்பொனியையும், படைப்பு மனத்தில் பதிந்த பின்னரே கேட்பது நல்லது. அவை ஏற்கெனவே அறிந்த ஒன்றை எதிர்பாராத திசையிலிருந்து காட்டுபவை, அறியாதவர்க்கு அத்திசை மட்டுமே தெரியும். ஆறாம் சிம்பொனிக்கு மட்டும் இவர்களெல்லாரையும் விட்டு, ஆட்டோ கிளெம்பரர் 1964இல் லண்டனில் பதித்ததைத் தேடிக் கேட்க வேண்டும்.